அப்பா என்ன வேலை பார்க்கிறார்?



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினாள். மகனுடைய பள்ளியில் "உன் ஊர்ப் பெயரின் பொருள் என்ன" என்று கட்டுரை எழுதச் சொன்னார்களாம். "குரோம்பேட்டைக்கு என்ன டீச்சர் அர்த்தம்? அவன் கூகுள்ல தேடிட்டு குரோம் பிரவுசர்னு எழுதிடப் போறான்" என்று கேட்டிருந்தாள். இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். உட்கார்ந்து எழுதினால் நீண்டுவிட்டது. என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், கேள்வி ஒன்று என்றால் என் பதில் ஒரு பீரியடு முழுக்க ஓடும். நான் வரலாற்றுப் பட்டதாரி இல்லை, ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்த செகண்டரி கிரேடு டீச்சர். ஆனாலும் முப்பது வருடத்துக்கு மேல் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளோடு இருந்தவள் என்பதால் சொல்ல எனக்கும் கொஞ்சம் இருக்கிறது.

குரோம்பேட்டை என்ற பெயர் குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் நம் நாட்டில் தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். தோல் வாரக்கணக்கில் குழியில் ஊறிக் கிடக்க வேண்டும். குரோமியம் உப்பைப் பயன்படுத்தினால் அதே வேலை சில நாட்களில் முடிந்துவிடும். 1903 வாக்கில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சென்னை கலைப் பள்ளியில் இந்த முறையைச் சோதித்துக் காட்டினார். சில ஆண்டுகளில் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை ஒட்டிக் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். கம்பெனியைச் சுற்றிக் குடியிருப்பு வந்தது, அது பேட்டை ஆனது, பேட்டைக்கு ரயில் நிலையமும் வந்தது. அதற்கு அடுத்த நிலையம் சானடோரியம், ஒரு ஆஸ்பத்திரியின் பெயர். ஆக, ஒரே பாதையில் அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்கு மனிதர்கள் வேலை பார்த்த இடங்களே பெயராகிவிட்டன. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்கள் யார்? இதை எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான்.

பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு என்று ஒரு தடித்த நோட்டு இருக்கும். மாணவர் பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், அதற்குப் பக்கத்தில் தொழில் என்று ஒரு கட்டம். 1980களின் பக்கங்களைப் புரட்டினால் அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே சொல்தான் வரும். கூலி, கூலி, கூலி. இடையிடையே ரயில்வே, மிலிட்டரி, வியாபாரம் என்று சில. எழுதிய குமாஸ்தாவைக் குறை சொல்ல முடியாது. "என்ன வேலைம்மா?" என்று கேட்டால் பெற்றோரே "கூலிதாங்க" என்றுதான் சொல்வார்கள். தன் வேலையைப் பற்றி இன்னொருவர் தெரிந்துகொள்ள விரும்புவார் என்று அவர்கள் நினைத்ததே இல்லை.

அதனால் ஆறாம் வகுப்பில் வருடத் தொடக்கத்தில் ஒரு பயிற்சி வைப்பேன். "உன் வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள்? காலையில் கிளம்புவதிலிருந்து இரவு திரும்புவது வரை சொல்." உங்களில் பலருக்கு இது ஞாபகம் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள்ளிருந்து அப்போது வெளியே வந்தவர்களைப் பாருங்கள்: திரிசூலம் பக்கம் பாறைக்குத் துளை போடுபவர், ஜல்லி உடைப்பவர், தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் புரட்டுபவர், தாம்பரம் ஸ்டேஷனில் மூட்டை தூக்குபவர், சித்தாள், சென்ட்ரிங் வேலைக்காரர், கல்லூரி ஹாஸ்டலில் பாத்திரம் தேய்ப்பவர், ஏரி வற்றும்போது மீன் பிடிப்பவர், ராத்திரி கோயம்பேட்டுக்குப் போய் விடியற்காலை மார்க்கெட்டில் காய் இறக்குபவர். இத்தனை பேரும் பதிவேட்டில் ஒருவராகத்தான் இருந்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 250 வருடங்களுக்கு முன் எடுத்த கணக்கு நம் பதிவேட்டைவிட விவரமானது. அப்போது செங்கல்பட்டுச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இருந்தது. ஆற்காட்டு நவாப் அதை ஜாகீராகக் கொடுத்திருந்தார். தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஒவ்வொரு ஊரிலும் எத்தனை வீடு, எந்த வீட்டில் என்ன தொழில், ஏரி குளம் எத்தனை, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எல்லாம் அதில் உண்டு. ஊர்க் கணக்கர்கள் தமிழில் எழுதிய ஓலைகளில் ஒரு பகுதி இன்றும் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தச்சர், கொல்லர், குயவர், நெசவாளர், எண்ணெய் ஆட்டுபவர், வண்ணார், நாவிதர், கணக்கப்பிள்ளை என்று தனித்தனியாக வீடுகள் எண்ணப்பட்டன. களத்தில் நெல் அளக்கும்போது ஊருக்கு வேலை செய்பவர்களுக்கான பங்கையும் அளந்து எடுத்துவைப்பார்கள். அந்தப் பங்குக்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். ஆமாம், சுதந்திரம்தான். அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு "உரிமையாக வர வேண்டிய பங்கு" என்று ஒரு பொருள் இருந்தது.

இதைப் படித்துவிட்டு அது பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கணக்கில் தொழிலும் சாதியும் ஒன்றாகவே எழுதப்பட்டன. குயவர் மகன் குயவர், வண்ணார் மகன் வண்ணார். சேரியில் பிறந்தவர் நாள் முழுக்க உழுதாலும் நிலம் அவருடையது ஆகாது. "நீ பெரியவன் ஆனதும் என்ன ஆகப் போகிறாய்?" என்று நாங்கள் வகுப்பில் கேட்போமே, அந்தக் கேள்விக்கே அப்போது இடம் கிடையாது.

இப்போது கல்லுக்கு வருகிறேன். பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கத்து மலைகள் எல்லாம் கருங்கல். 7ஆம் நூற்றாண்டிலேயே மகேந்திரவர்ம பல்லவன் பல்லாவரம் மலையில் ஒரு குடைவரை வெட்டுவித்தான். இன்று அது தர்கா. கல்கத்தாவில் கம்பெனியின் குடியேற்றத்தை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக் 1690களின் தொடக்கத்தில் இறந்தபோது, அவருடைய கல்லறைக்கு வைத்த கல் நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல். இருநூறு வருடம் கழித்து தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அதை ஆராய்ந்து, அந்தப் பாறை வகைக்கே சார்னோகைட் என்று பெயர் வைத்தார். உலகம் முழுவதும் நிலவியல் படிக்கிறவர்கள் இன்று அந்தப் பெயரைத்தான் படிக்கிறார்கள். கல்லறைக்குள் இருந்தவர் பெயர் பாறைக்கு வந்துவிட்டது. பல்லாவரத்தில் அதை வெட்டி, செதுக்கி, கப்பலுக்கு வண்டி ஏற்றியவர் பெயர் எங்கும் இல்லை.

அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அரசு நிலவியல் துறையில் வேலை பார்த்தவர் அவர். கையில் எடுத்தது ஆதிமனிதன் செய்த கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதற்குக் கிடைத்த முதல் ஆதாரம் அதுதான். அடுத்த சில மாதங்களில் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு 15 லட்சம் வருட வயது என்று 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது "மன்னர்கள் இல்லாத வரலாறு இது" என்பேன். இறைச்சி வெட்டவும் தோல் சுரண்டவும் யாரோ செய்து வைத்த வேலைக் கருவி. கிரீடமோ செங்கோலோ இல்லை.

இந்தக் கதைகளை எல்லாம் நான் சொல்லி முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "எங்க அம்மாவும் கல்லுதான் ஒடைக்கிறாங்க டீச்சர்" என்றான். அவன் அம்மாவிடமே போய்க் கேட்டேன். முதலில் வெட்கப்பட்டார். பிறகு பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். ஆண்கள் மேலே துளை போட்டு வெடி வைப்பார்கள். விழுந்த பாறையைச் சம்மட்டியால் பிளப்பார்கள். பிளந்த துண்டுகள் பெண்களிடம் வரும். கீற்று நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, பழைய டியூப் வளையத்துக்குள் கல்லை வைத்து, தெறிக்காமல் சின்னச் சுத்தியால் தட்ட வேண்டும். ஒன்றரை ஜல்லிக்கு ஒரு தட்டு, முக்கால் ஜல்லிக்கு இன்னொரு தட்டு. கல்லில் வரி ஓடுமாம், அந்த வரியைப் பார்த்துத் தட்டினால் ஒரே அடியில் பிரியும், பார்க்காமல் தட்டினால் பத்து அடி. "கை சொல்லிடும் டீச்சர், கண்ணு கூட வேணாம்" என்றார். கூலி பெட்டிக் கணக்கில். முன்பணம் வாங்கியிருந்தால் அதில் கழியும். கிரஷர் மெஷின்கள் வந்ததும் கையால் ஜல்லி உடைக்கும் வேலை போய்விட்டது. நம் பக்கத்து வீடுகள், ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடைகள், பழைய பாலங்கள் எல்லாவற்றின் கான்கிரீட்டிலும் அந்தத் தட்டுகள் இருக்கின்றன. இந்த அம்மாவுக்குப் பதிவேட்டில் பெயரே இல்லை. தகப்பனார் தொழிலுக்குத்தான் கட்டம், அம்மா தொழிலுக்குக் கட்டம் இல்லை.

குவாரிகள் மூடப்பட்ட பிறகு பள்ளங்களில் மழைத் தண்ணீர் நின்றது. 2017 தண்ணீர்ப் பஞ்சத்தில் மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் குவாரிப் பள்ளங்களிலிருந்து தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். யாரோ கூலிக்குத் தோண்டிய பள்ளம், நமக்குக் குடிநீர்த் தொட்டி.

தோல் ஷாப் பிள்ளைகள் வேறு மாதிரி. கல் உடைக்கும் வீட்டுப் பிள்ளை சொல்லிவிடும். பம்மல், நாகல்கேணி பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் அப்பா வேலையைக் கேட்டால் "கம்பெனி டீச்சர்" என்று நிறுத்திக்கொள்வார்கள். காரணம் வாடைதான். அப்பாவின் சட்டையில் இருப்பது பிள்ளையின் புத்தகப் பையிலும் இருக்கிறது என்று பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். வாடை மட்டும் காரணம் இல்லை என்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். தோலைத் தொடும் வேலை யாருக்கு என்று நம் சமூகம் எப்போதோ எழுதி வைத்துவிட்டது, ரசாயனம் மாறினாலும் அந்த எழுத்து மாறவில்லை. அந்த வேலையின் நுட்பத்தை ஒரு மாணவனின் தாத்தா எனக்குச் சொன்னார். பச்சைத் தோலை உப்பு போக அலசி, சுண்ணாம்பில் ஊற வைத்து, மயிர் நீக்கி, உள்பக்கச் சதையைக் கத்தியால் சீவ வேண்டும். ஒரு நூல் கூடுதலாகச் சீவினால் தோல் கிழியும், குறைவாகச் சீவினால் சாயம் ஏறாது. அதன் பிறகுதான் டிரம்மில் குரோம். அவர் விரல் நகங்கள் சுண்ணாம்பில் அரித்து மெலிந்திருந்தன. அந்தத் தோல் ஷூவாக வெளிநாட்டுக்குப் போனது.

தோல் ஷாப்புகளின் கழிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுத்தது. 1990களில் பல்லாவரத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. 1996இல் தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துகிறவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நியாயம் என்பதே என் கருத்து. அதற்காக வேலை போனவர்களின் வீட்டு நிலைமையைப் பார்க்காமல் இருக்க முடியுமா? சதை சீவுவதில் கைதேர்ந்த ஒருவர் அடுக்குமாடி வீட்டு வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். முப்பது வருடக் கைத்தொழில், அதற்கு வேறு எங்கும் விலை இல்லை.

ரயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பாதிப் பேர் ரயில்வே காலனிப் பிள்ளைகள். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. அது மீட்டர் கேஜ். அதன் கடைசி வண்டி ஓடியது 2004 ஜூலையில். இந்த ரயில்தான் ஒருவன் ஓர் ஊரில் தூங்கி இன்னோர் ஊரில் வேலை செய்யலாம் என்ற பழக்கத்தை நம் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. சீசன் டிக்கெட் எடுத்துப் பாரிமுனைக்குப் போகும் குமாஸ்தா, அவர் மகள் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்துவிட்டு அதே ரயிலில் எழும்பூருக்கு. அந்த ரயில் ஓட யார் காரணம் என்றால் நாம் மோட்டார்மேனைச் சொல்வோம், கார்டைச் சொல்வோம். கீமேன் என்று ஒருவர் உண்டு. சுத்தியும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு தன் எல்லைக்குள் உள்ள தண்டவாளம் முழுவதையும் தினமும் நடந்தே பார்த்து, தளர்ந்த ஆணியை இறுக்கிவிட்டு வருவார். வெயிலில் தண்டவாளம் நீளும், பனியில் சுருங்கும் என்று அறிவியல் பாடத்தில் நான் சொன்னபோது ஒரு கீமேன் மகள், "எங்கப்பாவுக்கு அது சத்தத்துலயே தெரியும் டீச்சர்" என்றாள்.

1974 மே மாதம் நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. எட்டாம் தேதி தொடங்கி இருபது நாள். வேலைநேரமும் போனசும் முக்கியக் கோரிக்கைகள். ஆயிரக்கணக்கானவர்கள் கைதானார்கள், பலருக்கு வேலை போனது. பிற்பாடு ரயில்வே ஊழியர்களுக்கு போனஸ் கிடைத்தது என்றால் அதற்குப் பின்னால் இந்த இருபது நாள் இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் அப்பா கொண்டுவந்த போனசில் பட்டாசு வாங்கியவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சொல்கிறேன்.

சானடோரியத்தைக் கட்டியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் காசநோய் மருத்துவமனை நடத்தியவர். நம் கணித மேதை ராமானுஜன் 1914இல் கப்பலில் இங்கிலாந்து போனபோது அதே கப்பலில் இவரும் போனார். 1917இல் ராமானுஜன் நோயுற்றபோது சில காலம் இவருடைய மருத்துவமனையில்தான் இருந்தார். ஊர் திரும்பி 1928 ஏப்ரலில் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு தொடங்கியதை 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, இவைதான் வைத்தியம். நோயாளி மாதக்கணக்கில் அங்கேயே இருப்பார். அப்படியானால் அங்கே வேலை என்பது மனிதர்களை மாதக்கணக்கில் பார்த்துக்கொள்வது. படுக்கையை வெயிலுக்கு நகர்த்துவது, சளிக் கோப்பைகளைச் சுத்தம் செய்வது, சோறு ஊட்டுவது, பேச்சுத் துணை, சில ராத்திரிகளில் கடைசித் துணை.

1950களில் மருந்துகள் வந்தன. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆராய்ச்சி மையத்தின் முடிவுகள் 1959இல் வெளியாயின. வீட்டிலேயே மருந்து சாப்பிடுகிறவர்களும் சானடோரியத்தில் இருக்கிறவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்று அது காட்டியது. உலகத்தின் காசநோய் வைத்தியத்தையே மாற்றிய ஆய்வு அது, நடந்தது நம் சென்னையில். ஆனாலும் தாம்பரம் ஆஸ்பத்திரியில் கூட்டம் குறையவில்லை. கல்தூள் நுரையீரலில் படிந்த குவாரித் தொழிலாளிகள் அங்கே வந்தார்கள். அந்தத் தூள் படிந்தவர்களைக் காசநோய் எளிதில் பிடிக்கும். 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். மற்ற இடங்களில் கதவு சாத்தப்பட்ட காலம் அது. 2004இல் அரசு இலவச ஏ.ஆர்.டி. மருந்து கொடுக்கத் தொடங்கியபோது நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று.

அந்த வருடங்களில் அங்கே வார்டில் வேலை பார்த்த ஒரு தாயை எனக்குத் தெரியும். மகள் என் வகுப்பு. வாடகை வீடு பார்க்கும்போது "ஆஸ்பத்திரியில வேலை" என்று மட்டும் சொல்வார், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டார். சொன்னால் வீடு கிடைக்காது. மகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்திருந்தார். என்னிடம் மட்டும் ஒரு நாள் சொன்னார்: "அவங்களத் தொட்டுத்தான் டீச்சர் தூக்கணும். தொடாம எப்படித் தூக்குறது?" அந்த மகள் இன்று நர்சிங் சூப்பரின்டென்டென்ட். இந்தப் பதிவை அவளும் படிப்பாள்.

தாம்பரம் கிறித்தவக் கல்லூரி 1937இல் பட்டணத்திலிருந்து இங்கே வந்ததும், ராஜம் என்ற பெரியவர் தன் பங்களாவை விற்று 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யைத் தொடங்கியதும், அங்கே அப்துல் கலாம் படித்ததும் உங்களுக்குப் பாடமாகவே வந்தவை. அதனால் விட்டுவிடுகிறேன். கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் பேராசிரியர் பார்ன்ஸும் அவர் மனைவியும் மரம் வளர்த்ததை எல்லோரும் எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும். அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் சுமந்தவர்களை நீங்களாவது நினைத்துக்கொள்ளுங்கள்.

பெருங்களத்தூர் தாண்டும்போது ஐ.டி. கட்டடமும் அடுக்குமாடிகளும் தெரிகிறதே, அங்கே ஒரு காலத்தில் கார் செய்தார்கள் என்றால் உங்கள் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். 1961 முதல் அங்கிருந்து ஹெரால்டு கார் வந்தது. அம்பாசடர், பியட், ஹெரால்டு என்று இந்தியாவில் மூன்றே கார்கள் ஓடிய நாளில் ஒன்று நம் ஊர்க் கார். 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விலை அதிகம், பெட்ரோலும் அதிகம் குடித்தது. 1983 இறுதியிலேயே மாருதி வந்துவிட்டிருந்தது. 1988இல் உற்பத்தி நின்றது.

அதே சமயத்தில் இந்தப் பக்கம் இன்னும் சில தொழிற்சாலைகளும் மூடின. பெயர் வேண்டாம், ஒன்றில் ஃபிட்டராக இருந்த ஒருவர் கேட் பூட்டிய பிறகும் பல மாதம் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிவிடுவார் என்று அவர் மகன் கட்டுரையில் எழுதியிருந்தான். கேட் முன்னால் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட்டு ஷிப்ட் முடியும் நேரத்தில் வீடு திரும்புவார்களாம். தலைப்பு "என் தந்தையின் ஒரு நாள்". பத்துக்கு பத்து போட்டேன்.

அப்பாக்களின் வேலை இப்படி ஆட்டம் காணும்போது வீடுகளை நிறுத்தியது பெரும்பாலும் அம்மாக்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குச் சோறு கிடைத்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அமைப்பாளர், சமையலர், ஆயா என்று ஊருக்கு ஊர் பெண்களுக்கு வேலை கிடைத்ததையும் சேர்த்துப் பேச வேண்டும், கணவனை இழந்தவர்களுக்கு அதில் முன்னுரிமை இருந்தது. 1984இல் சானடோரியம் எதிரே மெப்ஸ் வந்தது. ஏற்றுமதிக்கான தனி வளாகம். கார்மெண்ட்ஸ், எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள். காலையில் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கும் கூட்டத்தைப் பார்த்தால் பெரும்பாலும் பெண்கள். என் மாணவிகள் பலர் பத்தாவது முடித்துவிட்டு ஹெல்ப்பராகப் போய், டெய்லராகி, லைன் சூப்பர்வைசர் ஆனார்கள். ஒருத்தி நாள் முழுக்க காலர் மட்டும் தைப்பாள். முழுச் சட்டை எப்படி இருக்கும் என்று கேட்டால், "தெரியாது டீச்சர், பெட்டியில போயிடும்" என்பாள். ஆனால் சம்பளம் அவள் பெயரில் வந்தது. கல்யாணத்தை இரண்டு வருடம் தள்ளிப்போட அந்தச் சம்பளம் போதுமானதாக இருந்தது.

வீட்டு வேலைக்கு மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வருடத்தில் ஆறு மாதம் வேலை செய்தால்தான் முழுத் தொழிலாளி. சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்ப்பவர் "வேலை செய்யாதவர்". 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு மகளிர் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது. உதவித் தொகை என்று வைக்காததை நான் கவனித்தேன். முன்னே சொன்ன "சுதந்திரம்" என்ற நெல் பங்கு எனக்கு ஞாபகம் வந்தது.

பெயர் மாறுவதில் நன்மையும் உண்டு, ஏமாற்றும் உண்டு. துப்புரவுத் தொழிலாளர்களை 2020இல் தூய்மைப் பணியாளர் என்று அழைக்கச் சொன்னது அரசு. நல்லது. ஆனால் பல இடங்களில் அந்த வேலை கான்ட்ராக்டருக்குப் போய்விட்டது. பெயர் உயர்ந்தது, வேலை நிரந்தரம் இல்லாமல் போனது.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். போன மாதம் எங்கள் வீட்டுக்கு மருந்து கொண்டுவந்த பையன் ஹெல்மெட்டைக் கழற்றினால் என் பழைய மாணவன். நாற்பது வயது இருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கி 2014 நவம்பரில் மூடிய நோக்கியா தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். அதன் பிறகு கால் டாக்சி, பிறகு செக்யூரிட்டி, இப்போது டெலிவரி. "உள்ளே வாப்பா" என்றால், "ஆர்டர் இருக்கு டீச்சர்" என்று நின்றுகொண்டே தண்ணீர் குடித்தான். ஒரு நாளைச் சொல்லச் சொன்னேன், ஆறாம் வகுப்பில் கேட்ட மாதிரியே. காலை ஏழு மணிக்கு லாகின். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் என்று சுற்றல். இத்தனை ஆர்டர் தாண்டினால் இன்சென்டிவ், ஒன்று குறைந்தாலும் கிடையாது. பெட்ரோல் அவனுடையது, வண்டி அவனுடையது, விழுந்தால் கை காலும் அவனுடையது. முதுகு வலிக்கு சானடோரியத்தில் சித்தா ஆஸ்பத்திரிக்குப் போகிறான், அன்றைக்கு வருமானம் இல்லை.

"பையனோட ஸ்கூல் ஃபார்ம்ல அப்பா தொழில்னு என்ன எழுதின?" என்று கேட்டேன்.

சிரித்தான். "டெலிவரி பார்ட்னர் டீச்சர். ஆப்ல அப்படித்தான் போட்டிருக்கு."

இவர்களைப் போன்றவர்களுக்காக 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தனி நலவாரியம் அமைத்திருக்கிறது. பதிவு செய்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றான். எங்கே, எப்படி என்று தெரியாதாம். என் மாணவர்களில் தொழிலாளர் துறையில் ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் பேசியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து பதிவு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள். உங்களில் யார் வண்டி ஓட்டுகிறீர்களோ, ஆதாரும் பாங்க் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு வாருங்கள். காபி என் பொறுப்பு.

துபாய்ப் பெண்ணே, உன் மகனுக்கு முதல் பத்தி மட்டும் போதும். மீதியை நீ படி. உன் தாத்தா நாகல்கேணியில் என்ன வேலை பார்த்தார் என்று உன் அம்மாவிடம் போன் போட்டுக் கேள்.